மேசைமேல் சார்ஜிங் ஸ்டேஷன் வாங்கினால் ஒயர்க் குவியல் தீருமா? (மண்டபம், கடலோர வீடு)

மண்டபம்_வடகடல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தில் கடற்கரையை ஒட்டிய எங்கள் வீட்டில், முன்னறையில் இருக்கும் ஒரே மேசைதான் எல்லாருக்கும் சார்ஜ் போடும் இடம். என் மடிக்கணினி, வீட்டாரின் கைப்பேசிகள், மகளின் டேப் ஆகியவை போதாதென்று, விசைப்படகில் போகும் மைத்துனர் கரைக்கு வந்ததும் வாக்கி டாக்கி, கையடக்க ஜி.பி.எஸ்., நெற்றியில் கட்டும் டார்ச் லைட் எல்லாவற்றையும் அங்கேயே கொண்டுவந்து வைத்துவிடுகிறார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒரு பெரிய அடாப்டரைச் செருகினால் பக்கத்து இடமும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. எந்த ஒயர் எதனுடையது என்று பார்ப்பதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது.

ஆறு போர்ட்டும், கைப்பேசிகளை நிறுத்தி வைக்கும் தடுப்புகளும் உள்ள 100 வாட் சார்ஜிங் ஸ்டேஷன் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். மடிக்கணினியையும் அதிலேயே போட முடியுமா? எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு இத்தகைய கருவி தாக்குப்பிடிக்குமா? பயன்படுத்தியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ராம்நாடு_மின்பணி எழுதியது:

வணக்கம் சகோதரரே. இந்தக் கருவியால் குறைவது அடாப்டர்களே தவிர ஒயர்கள் அல்ல. ஆறு சாதனங்களுக்கு ஆறு ஒயர்கள் இருக்கத்தான் செய்யும். சுவர்ப் பக்கம் நெருக்கும் ஆறு அடாப்டர்களுக்குப் பதிலாக ஒரே ஒரு பிளக் இருக்கும், அவ்வளவுதான். ஆகவே ஸ்டேஷனுடன் சேர்த்து ஓர் அடி நீளமுள்ள குட்டைக் கேபிள்களையும் வாங்குங்கள். ஒரு மீட்டர் கேபிளைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு வைத்தால் குவியல் மேசையின் இன்னொரு மூலைக்கு நகருமே ஒழியக் குறையாது.

அடுத்தது வாட் கணக்கு. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 100 வாட் என்பது எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்த அளவு. மடிக்கணினியை மட்டும் செருகியிருக்கும்போது 65 வாட் கொடுக்கும் போர்ட், பக்கத்தில் இரண்டு கைப்பேசிகளைச் செருகியதும் 45 வாட்டுக்கு இறங்கிவிடக்கூடும். எந்தெந்தப் போர்ட் சேர்ந்தால் எவ்வளவு வரும் என்ற பட்டியல் கருவியின் அடிப்புறத்திலோ கையேட்டிலோ சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் படித்த பிறகே பணம் கொடுங்கள். புதிதாக ஒன்றைச் செருகும்போது பல ஸ்டேஷன்கள் மின்சாரத்தை ஒரு கணம் நிறுத்தி மறுபடி பங்கிடும். கைப்பேசியில் சார்ஜ் அறிகுறி ஒருமுறை மறைந்து தோன்றினால் பழுதென்று எண்ண வேண்டாம். மடிக்கணினி டைப் சி வழியாகச் சார்ஜ் ஆகும் வகையா என்பதையும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். உருண்டை முனை மட்டும் உள்ள பழைய மாடலானால் அதன் அடாப்டரையே வைத்துக்கொள்வது நல்லது. கேபிளிலும் வேறுபாடு உண்டு: சாதாரண சி கேபிள் 60 வாட் வரைதான் தாங்கும், அதற்கு மேல் தேவையென்றால் 5 ஆம்பியர் என்று குறித்த கேபிள் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிய கைப்பேசிகளுக்கும் டேப்களுக்கும் டைப் சி கட்டாயமாகிவிட்டது; அதையொட்டி இங்கு வருபவையும் பெரும்பாலும் சி தான். எனவே சி போர்ட் அதிகம் உள்ளதாக வாங்குங்கள். ஆனாலும் பழைய அகலமான ஏ போர்ட் ஒன்றாவது இருக்கட்டும். விலை குறைந்த டார்ச் லைட்டுகள் பலவற்றில் சி துளை இருந்தாலும், இரு முனையும் சி ஆக உள்ள கேபிளில் அவை சார்ஜ் ஏறுவதில்லை. எதிரே ஒரு சாதனம் இருக்கிறது என்று சார்ஜருக்கு அறிவிக்கும் 5.1 கிலோ ஓம் மின்தடையைத் தயாரிப்பாளர்கள் மிச்சம் பிடித்துவிடுவதே காரணம். ஏ போர்ட்டில் போட்டால் அதே டார்ச் ஏறும்.

வாக்கி டாக்கியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதை நிறுத்திச் சார்ஜ் போடும் தாங்கிக்கு அதற்கே உரிய வோல்ட் அளவில் தனி அடாப்டர் கொடுத்திருப்பார்கள். ஒயரை வெட்டி வேறொன்றில் ஒட்டும் வேலை நம் பக்கத்தில் சகஜமாக நடக்கிறது. கடலில் உயிர் காக்கும் கருவியில் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

கீழக்கரை_வாசகன் எழுதியது:

மேலே சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கருவியில் நம்பிப் போடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அது ஒருநாள் நின்றுவிட்டால் வீட்டில் எல்லாக் கைப்பேசியும் சேர்ந்து அணையும். மடிக்கணினியின் பழைய அடாப்டரையும், ஒரு கைப்பேசி சார்ஜரையும் பெட்டியில் போட்டு வைத்திருங்கள். வாங்கும்போது பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு முத்திரையையும் அதன்கீழ் ஆர் எழுத்தில் தொடங்கும் எண்ணையும் பாருங்கள். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். மேலே ஒயர்லெஸ் தட்டு வைத்த மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒயரைவிட அதில் வெப்பமாக வீணாவது அதிகம். நம் ஊர் மே மாதத்தில் பேட்டரிக்கு அந்த வெப்பம் ஆகாது.

மண்டபம்_வடகடல் எழுதியது:

இருவருக்கும் நன்றி. மடிக்கணினி டைப் சி வகைதான். உப்புக்காற்றைப் பற்றித்தான் இன்னும் தெளிவில்லை. கேபிள்களை எப்போதும் ஸ்டேஷனில் செருகியே வைத்திருக்கலாமா?

தேவிபட்டினம்_பழுதுநீக்கம் எழுதியது:

கடலோரத்துக் கைப்பேசிகளைப் பிரித்துப் பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஒயர்கள் எப்போதும் செருகித் தயாராக நிற்பதுதான் சார்ஜிங் ஸ்டேஷனின் அழகு. விளம்பரத்தில் நமக்குப் பிடிக்கும் அந்த வசதியே கடலோரத்தில் பழுதின் தொடக்கம். காற்றில் வரும் உப்பு உலோகப் பின்களில் மெல்லியதாகப் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த உப்பு தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். நம் கரையில் இரவு நேரங்களில் இது சாதாரணம். அப்படி நனைந்த பின்னில் மின்சாரமும் இருந்தால் செம்பு அரித்துப் பச்சை பூத்துவிடும். மின்சாரம் இல்லையென்றால் அரிப்பு மிகவும் மெதுவாகும்.

ஏ போர்ட்டில் எதையும் செருகாவிட்டாலும் 5 வோல்ட் எப்போதும் இருக்கும். அதில் மாட்டித் தொங்கவிட்ட கேபிளின் நுனியிலும் அது இருக்கும். சி போர்ட்டோ, எதிரே சாதனம் இருப்பதை அறிந்த பிறகே மின்சாரத்தை விடும். எனவே இருபுறமும் சி உள்ள கேபிள்களைச் செருகியபடியே விடலாம். ஏ போர்ட்டுக் கேபிளைப் பயன்படுத்தாதபோது உருவிவிடுங்கள், அல்லது சுவர் சுவிட்சையே அணைத்துவிடுங்கள். ஸ்டேஷனை ஜன்னலோரம் வைக்காதீர்கள். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தெற்கு, மேற்கு ஜன்னல்களுக்கு நேராக எதுவும் இருக்கக்கூடாது. காற்றுக்குப் பயந்து மூடிய டிராயருக்குள் வைத்தால் வெப்பம் வெளியேறாது. உட்சுவர் ஓரத்துத் திறந்த அலமாரித் தட்டு போதும். மைத்துனர் கொண்டுவரும் ஜி.பி.எஸ்., டார்ச் இரண்டையும் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, துளை முழுவதும் காய்ந்த பின்னரே செருகச் சொல்லுங்கள். பின்னில் பச்சை தெரிந்தால் மின்சாரத்தை அணைத்துவிட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மென்மையான பிரஷால் தேய்த்து உலரவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் படகுச் சாதனங்கள் வீட்டில் சும்மா கிடக்குமல்லவா? அப்போது அவற்றைச் சார்ஜில் போட்டே வைக்காமல், பேட்டரியை ஏறக்குறையப் பாதி அளவில் நிறுத்தி, கழற்ற முடிந்தால் கழற்றி, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள்.

மண்டபம்_வடகடல் எழுதியது:

மிக்க நன்றி, அண்ணே. நான்கு சி, இரண்டு ஏ உள்ள மாடலைப் பார்த்து வைத்திருக்கிறேன். போர்ட் வாரியான வாட் பட்டியலைக் கடைக்காரரிடம் கேட்டிருக்கிறேன். வாக்கி டாக்கித் தாங்கி எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே இருக்கட்டும். மேசையை ஜன்னலிலிருந்து உட்சுவர்ப் பக்கம் நகர்த்த வேண்டும். அங்கே பிளக் பாயிண்ட் இல்லாததால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடப் போகிறேன்.