சப்டைட்டில் படிக்க முடியாத அப்பா அம்மாவுக்கு அடுத்து என்ன படம் போடலாம்?

வேளச்சேரிக்காரன்:

கோவில்பட்டியிலிருந்து அப்பா அம்மா வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரத்திலேயே கபாலி கோவில், பெசன்ட் நகர், தி.நகர் எல்லாம் முடிந்துவிட்டது, அப்புறம் எனக்கு லீவு இல்லை, இரண்டு பேரும் சீரியல் பார்த்துக்கொண்டு எப்போ டிக்கெட் போடுவே என்று கேட்க ஆரம்பித்தார்கள். சரி, நமக்குத் தெரிந்தது சினிமாதானே என்று போன ஞாயிறு மத்தியானம் ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) போட்டேன். வயதானவர்கள் பட்டணத்தில் இருக்கிற பிள்ளைகளைப் பார்க்க வருகிற கதை, ரொம்பப் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்சம் அதிகமாகவே பொருந்திவிட்டது.

முதல் சிக்கல் சப்டைட்டில். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அப்பா எழுத்துக்கூட்டுவதற்குள் வரி ஓடிவிடும். தமிழில் தேடினேன், கிடைக்கவில்லை. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்தி நானே வாசித்தேன். அரை மணி நேரத்தில் வாசிப்பதை விட்டுவிட்டு, "இவ மூத்த மக, பியூட்டி பார்லர் வச்சிருக்கா" என்கிற ரீதியில் கதை சொல்ல இறங்கிவிட்டேன். இரண்டேகால் மணி நேரப் படம், நாலு மணி நேரம் ஓடியது.

அந்த மகளின் புருஷன் வந்தவர்களுக்கென்று நல்ல பலகாரமாக வாங்கி வருவான், இவள் எதுக்கு இவ்வளவு காசு போட்டு என்று சொல்லிவிட்டுத் தானே எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். அந்த இடத்தில் நான் வாயே திறக்கவில்லை. அம்மாவே "வந்தவங்களுக்கு வாங்குனத அவளே திங்கா பாரு" என்றாள்.

அப்புறம் பிள்ளைகள் காசு சேர்த்து அவர்களை அடாமி என்கிற கடற்கரை ஊருக்கு அனுப்பிவைப்பார்கள். விடுதியில் ராத்திரி முழுக்க ஒரே கும்மாளம், பாவம் இரண்டு பேரும் தூங்காமல் கிடப்பார்கள். அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பி, "மகாபலிபுரத்துல ரூம் போட்டிருக்கேன்னு சொன்னியே, அது என்னைக்கு?" என்றார். சத்தியமாக அது அவர்களுக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்றுதான் போட்டேன். அதே இரண்டு நாளில் ஆபீஸ் நண்பர்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது என்பது வேறு கதை.

இன்னும் பத்து நாள் இருப்பார்கள். பேச்சு குறைவான படமாகச் சொல்லுங்கள். ரூமை கேன்சல் செய்துவிட்டேன், அதைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

பர்மாபஜார்_டிவிடி:

நீங்கள் செய்த வேலைக்கு ஜப்பானில் பெயரே உண்டு ஜி. பென்ஷி என்பார்கள். மௌனப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதையும் வசனமும் சொல்கிறவர். இயக்குநர் குரோசாவாவின் அண்ணன் அந்த வேலைதான் பார்த்தார். ஓசுவும் பேசாத படம் எடுத்துப் பழகியவர், அவருடைய முதல் பேசும் படமே 1936இல்தான் வந்தது, 'தி ஒன்லி சன்', அதிலும் ஒரு அம்மா டோக்கியோவில் இருக்கிற மகனைப் பார்க்க வருகிறாள். அதை இப்போதைக்குப் போட்டுவிடாதீர்கள், தாங்க மாட்டீர்கள்.

ஈரான் இயக்குநர் கியரோஸ்தமியின் 'வேர் இஸ் த ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்' (1987) போடுங்கள். பக்கத்து சீட்டுப் பையனின் நோட்டைத் தவறுதலாக எடுத்து வந்துவிட்ட ஒரு பொடியன். நோட்டில் எழுதாமல் வந்தால் வாத்தியார் அவனைப் பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பிவிடுவார். அதைக் கொடுக்க இவன் பக்கத்து ஊருக்கு ஓடுகிறான். குன்றின் மேல் வளைந்து வளைந்து போகிற அந்தப் பாதையையும் அவன் ஓட்டத்தையும் பார்க்க எந்த மொழியும் வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள், படத்தை நிறுத்தாதீர்கள். உட்காரும் முன்பே கதை முழுவதையும் சொல்லிவிடுங்கள். உங்கள் பக்கத்தில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கேட்கிறவர்கள் கதை தெரியாமலா விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள்?

விகடனில் செழியன் 'உலக சினிமா' எழுதியபோது எனக்கும் அப்படித்தான், கதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பாரிமுனையில் டிவிடி தேடி அலைவேன். கதை தெரிந்ததால் எனக்கு ஒரு படமும் கெட்டுப்போகவில்லை.

இன்டர்வெல்_முறுக்கு:

எல்லோரும் சேர்ந்து பெரியவர்களைப் பரிசோதனை எலி ஆக்குகிறீர்கள். டிசம்பர் திரைப்பட விழாவில் வருஷா வருஷம் பாஸ் எடுத்துப் பார்க்கிறவன் சொல்கிறேன், இப்போது வருகிற விழாப் படங்களில் பாதி, கேமராவை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனது மாதிரி இருக்கிறது. ஒருவர் கதவைத் திறந்து வெளியே போவார், அப்புறம் நாம் கதவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓசுவைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம் என்பார்கள். ஓசு எங்கே அப்படி எடுத்தார்? கேமரா தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும், அவ்வளவாக நகராது, உண்மைதான். ஆனால் ஷாட் சட்டுசட்டென்று மாறிக்கொண்டே இருக்கும், ஒருவர் பேசி முடித்ததும் வெட்டு, அடுத்த முகம். உங்கள் அம்மா அந்தப் பலகார சீனை உடனே பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். 'டோக்கியோ ஸ்டோரி'யில் அந்த அப்பாவாக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது வயது 49தான், போய் உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், நம்ப மாட்டார்.

என்னைக் கேட்டால் கொரியப் படம் 'பாரசைட்' (2019). கேன்ஸ் விழாப் பரிசும் கொடுத்தார்கள் ஆஸ்கரும் கொடுத்தார்கள், ஒரு நிமிஷம் சலிக்காது. ஆனால் ஒரு இடத்தில் ரிமோட் உங்கள் கையில் இருப்பது நல்லது.

மடிப்பாக்கம்_மருமகள்:

முறுக்கு அண்ணா, மெதுவான படம் என்றால் எல்லோருக்கும் மெதுவாகவா இருக்கிறது? பெல்ஜியம் இயக்குநர் ஷான்டல் ஆகர்மனின் 'ழான் டீல்மன்' (1975) பார்த்துக்கொண்டிருந்தேன், மூன்று மணி இருபது நிமிஷம், 2022இல் சைட் அண்ட் சவுண்ட் என்கிற சினிமா பத்திரிகையின் சிறந்த படங்களுக்கான வாக்கெடுப்பில் முதல் இடம் வந்ததே, அந்தப் படம். ஒரு பெண் சமைக்கிறாள், பாத்திரம் தேய்க்கிறாள், படுக்கை விரிக்கிறாள். எனக்குக் கண் செருகியது. என் அத்தை கீரை ஆய்ந்துகொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். கதையின் இரண்டாம் நாளில் அவள் கிழங்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அங்கும் இங்கும் நடக்கிறபோது, "இன்னிக்குக் கிழங்கு குழைஞ்சுடுத்து, அவளுக்கு மனசு எங்கேயோ இருக்கு" என்றார். எத்தனையோ விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதிய விஷயம் அதுதான், அத்தைக்கு சப்டைட்டில் தேவைப்படவில்லை. ஆனால் வேளச்சேரி அண்ணா, மத்தியானத்தில் அந்த வீட்டுக்கு ஆண்கள் வந்து போவார்கள், அப்பாவோடு உட்கார்ந்து பார்க்கிற படம் இல்லை. நான் அத்தையை நடுவில் காபி போட அனுப்பிவிட்டேன்.

உங்களுக்கு ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸின் 'பெர்ஃபெக்ட் டேஸ்' (2023) சரியாக இருக்கும். டோக்கியோவில் பொதுக் கழிப்பறை சுத்தம் செய்கிறவரின் கதை, அவர் அதிகம் பேசுகிற ஆளே இல்லை. அவர் பெயர் ஹிராயாமா, 'டோக்கியோ ஸ்டோரி' குடும்பத்தின் பெயரும் அதுதான்.

வேளச்சேரிக்காரன்:

நேற்று கியரோஸ்தமி போட்டேன். கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன், வேலை செய்தது. பையன் நோட்டைப் பற்றி எத்தனை தடவை சொன்னாலும் அவன் அம்மா காதில் வாங்காமல் வேலை ஏவிக்கொண்டே இருப்பாள், என் அம்மா அந்த இடத்தில் திரையைப் பார்த்து "அவன் சொல்றதக் கேளும்மா" என்று அதட்டினாள். அந்தத் தாத்தா, தன்னிடம் சிகரெட் இருந்தும் பையனுக்குப் பணிவு வர வேண்டும் என்று வாங்கி வர அனுப்புவாரே, அங்கே அப்பா சிரிக்கவில்லை. "எங்கய்யாவும் இப்படித்தான்" என்று மட்டும் சொன்னார்.

இன்று காலையில் அம்மா போனில் சித்தியோடு பேசிக்கொண்டிருந்தாள். "பெத்த பிள்ளைக எல்லாம் சாமானத்துக்குப் பறக்குதுக, செத்துப்போன பையனோட பொண்டாட்டிதான் லீவு போட்டுட்டு ஊரெல்லாம் சுத்திக் காமிச்சா" என்று. சித்தி யாரு எந்த ஊரு என்று கேட்டிருப்பாள் போல. "அட, நம்ம ஆளுக இல்ல, சப்பான்காரங்க" என்றாள்.

பெர்ஃபெக்ட் டேஸ் சனிக்கிழமை.