வியன்னாவில் கான்சர்ட், பாரிஸ்–சூரிச் ரயிலில் சீட் இல்லை: அவசர உதவி வேண்டும்

மழைத்துளி
நண்பர்களே, கொஞ்சம் அவசரம். குடும்பத்தோடு ஐரோப்பா போகிறோம். சனிக்கிழமை மாலை வியன்னா எர்ன்ஸ்ட் ஹாப்பல் ஸ்டேடியத்தில் கான்சர்ட், டிக்கெட் கையில் இருக்கிறது. முதலில் பாரிஸ், அப்புறம் சுவிட்சர்லாந்து, கடைசியில் வியன்னா. எல்லாமே ரயில்தான். பாரிஸிலிருந்து சூரிச்சுக்கு சீட் போடப் பார்த்தால் எந்த ரயிலிலும் இடம் இல்லை என்றே வருகிறது. பயணத் தேதியையும் மாற்ற முடியாது. என்ன செய்யலாம்? சூரிச்சிலிருந்து சனிக்கிழமை காலையில் கிளம்பினால் நிகழ்ச்சிக்குப் போய்விடலாம்தானே?

வழிப்போக்கன்
எத்தனை பேர்? பிள்ளைகளுக்கு என்ன வயது? பல நாட்டு ரயில்களிலும் செல்லும் ஒரே பாஸா, தனித்தனி டிக்கெட்டா? எதில் தேடினீர்கள்? இது தெரியாமல் சொன்னால் தப்பாகத்தான் சொல்வோம்.

கரிவண்டி
மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். பாஸ் கையில் இருந்தால் எந்த ரயிலிலும் ஏறி உட்காரலாம் என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். டிஜிவி, யூரோஸ்டார் என்னும் அதிவேக ரயில்கள் இரண்டிலும் பாஸ் இருந்தாலும் முன்பதிவு கட்டாயம். பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இடமும் குறைவு. இந்த அடிப்படையைப் படித்துவிட்டுத் திட்டம் போட்டிருக்க வேண்டும். என்னைக் கேட்டால் பாஸே வேண்டாம். ஆஸ்திரிய ரயில்வேயின் ஷ்பார்ஷீனே போன்ற சலுகை டிக்கெட்டுகளை முன்கூட்டியே வாங்கினால் செலவு குறையலாம்.

நீலாம்பல்
ஷ்பார்ஷீனே குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான் செல்லும், ரத்து செய்தால் பணமும் திரும்பாது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது சரிப்படுமா? பேசாமல் இரவு ரயிலில் போங்கள். சூரிச்சில் ராத்திரி நைட்ஜெட் ஏறினால் காலையில் வியன்னா. ஒரு இரவு ஹோட்டல் செலவும் மிச்சம்.

மழைத்துளி
நாங்கள் நான்கு பேர். மகளுக்கு இப்போது 11, பயண வாரத்தில்தான் 12 முடிகிறது. மகனுக்கு 7. யூரெய்ல் பாஸ் வாங்கிவிட்டோம், அதன் வழியாகத்தான் சீட் தேடினேன். போவது ஜூலையில். பாரிஸ் மூன்று இரவு, சுவிஸ் நான்கு, வியன்னா இரண்டு. இந்திய பாஸ்போர்ட், விசாவுக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

வழிப்போக்கன்
சரி, இப்போது புரிகிறது. ரயில் நிரம்பவில்லை, பாரிஸ்–சூரிச் ஓடும் டிஜிவி லிரியாவில் பாஸ்காரர்களின் ஒதுக்கீடு மட்டும்தான் தீர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதே ரயிலைப் பாஸ் இல்லாத சாதாரணப் பயணியாகத் தேடிப் பாருங்கள். இடம் காட்டினால், விலையும் கட்டுப்படியானால், டிக்கெட்டாகவே வாங்கிவிடலாம். பாஸில் பயணம் செய்ய அனுமதிக்கும் நாட்களில் ஒன்று மிச்சமாகும். ஆனால் பிள்ளைகளுக்கும் தனியாக வாங்க வேண்டும்.

விலை அதிகமென்றால் ஸ்ட்ராஸ்பூர்க் வழி இருக்கிறது. பாரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு டிஜிவியில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதற்கும் முன்பதிவு உண்டு, ஆனால் அது வேறு ஒதுக்கீடு. அங்கிருந்து சுவிஸ் எல்லையிலுள்ள பாசல் வரைக்கும் டிஇஆர் என்னும் வட்டார ரயில், முன்பதிவே கிடையாது, பாஸைக் காட்டினால் போதும். பாசல் நிலையத்திலேயே பிரெஞ்சு ரயில்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. இறங்கி, சுங்க வழியாக நடந்து இந்தப் பக்கம் வந்தால் சுவிஸ் நடைமேடைகள். சூரிச் இன்னும் ஒரு மணி நேரம்தான். எல்லாம் ஒரே நாளுக்குள் முடிவதால் பாஸில் ஒரு பயண நாள்தான் கழியும்.

ஒன்றை மறக்காதீர்கள். லிரியா கிளம்புவது கார் து லியோன் நிலையத்தில், ஸ்ட்ராஸ்பூர்க் ரயில் கார் து லெஸ்த் நிலையத்தில்.

அல்லிமலர்
மகள் விஷயத்தில் கவலை வேண்டாம். பாஸில் பயணம் தொடங்கும் நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு. அன்று 11 என்றால் பெரியவர் பாஸோடு வரும் இலவசக் குழந்தை பாஸ்தான். ஆனால் பாஸ் இலவசமாக இருந்தாலும் முன்பதிவுக் கட்டணம் பிள்ளைகளுக்கும் உண்டு.

சனிக்கிழமை கிளம்புவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சூரிச்–வியன்னா பகல் ரயிலான ரயில்ஜெட் ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஓடுகிறது. கோடையில் தண்டவாள வேலை, மலைப்பகுதி மழை என்று ஏதாவது வந்தால் தாமதம்தான். ஒரு மணி நேரம் தாமதமானால் டிக்கெட் விலையில் 25 சதவீதம், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதம் இழப்பீடு என்று ஐரோப்பிய விதி சொல்கிறது. தவறிப்போன கான்சர்ட்டுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. வெள்ளிக்கிழமையே போய் இறங்கிவிடுங்கள். பிள்ளைகள் சனிக்கிழமை மதியம் ஒரு தூக்கம் போட்டால்தான் ராத்திரி வரைக்கும் தாங்குவார்கள்.

நீலாம்பல்
வெள்ளி இரவு நைட்ஜெட்டில் ஏறினால் சனி காலை அங்கே. நான் சொன்னதும் அதேதான்.

அல்லிமலர்
படுக்கைப் பெட்டியில் ஏழு வயதுப் பிள்ளை சரியாகத் தூங்காவிட்டால், அன்று மாலை ஐம்பதாயிரம் பேர் கூடும் இடத்துக்கு எப்படிக் கூட்டிப்போவது? அதோடு ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் மலைப் பாதையை இருட்டில் கடப்பதற்கு எனக்கு மனசே வராது. சூரிச்சில் இடது பக்கம் உட்காருங்கள். முதலில் சூரிச் ஏரி, பிறகு வாலன்சே ஏரி, அதன் மறுகரையில் செங்குத்தாகப் பாறை. புக்ஸ் நிலையத்தில் ரயில் திசை மாறும், இடது பக்கம் வலது பக்கமாகிவிடும். பிள்ளைகள் ரயில் பின்னால் போகிறது என்று கத்துவார்கள். அப்புறம் 1884இல் திறந்த ஆர்ல்பெர்க் சுரங்கம், பத்து கிலோமீட்டருக்கு மேல்.

கரிவண்டி
அழகு இருக்கட்டும். மூன்று நாட்டுக்கும் சேர்த்து எடுக்கும் ஷெங்கன் விசாவை யாரும் கவனிக்கவில்லையா? பாரிஸில் இறங்குகிறார், எனவே பிரான்ஸ் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த விதி.

வழிப்போக்கன்
தவறு. முதலில் இறங்கும் நாடு என்பது கடைசியாகப் பார்ப்பது. முதன்மையான நாடு எது என்று தீர்மானிக்க முடியாவிட்டால்தான் அது வரும். இவருக்கு சுவிஸில் நான்கு இரவு, எனவே சுவிஸ் தூதரகம்.

அல்லிமலர்
ஆனால் வெள்ளிக்கிழமையே வியன்னா போனால் மூன்று நாட்டிலும் மூன்று மூன்று இரவாகிவிடுமே!

கரிவண்டி
அப்போது நான் சொன்னதுதான். சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாடு.

வழிப்போக்கன்
விதியில் இருப்பது தங்கும் காலம் அல்லது பயண நோக்கம். நோக்கமே வியன்னா கான்சர்ட் என்னும்போது ஆஸ்திரியா என்றும் வாதிடலாம்.

கரிவண்டி
கவுண்டரில் நின்று வாதாடி விசா வாங்கியவர்கள் யாரும் இல்லை.

அல்லிமலர்
இருவரும் சண்டையை நிறுத்துங்கள். சந்தேகத்துக்கே இடம் வைக்காமல் வியன்னாவில் இன்னொரு இரவு சேர்த்துவிட்டால் ஆஸ்திரியா தெளிவாகிவிடும். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடையில் விண்ணப்பிக்கத் தேதி கிடைப்பது கஷ்டம், உடனே பாருங்கள். பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. மகளுக்கு 12 ஆவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

தூரதேசி
அந்த ஸ்டேடியம் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஆகஸ்டில் டெய்லர் ஸ்விஃப்டின் மூன்று நிகழ்ச்சிகளும் அங்கேதான் பாதுகாப்பு அச்சுறுத்தலால் ரத்தாயின. எனவே ரத்து செய்யக்கூடிய ஹோட்டலாகப் போடுங்கள். யு-பான் என்னும் வியன்னா மெட்ரோவின் யு2 பாதையில் ஸ்டேடியோன் நிலையம் வாசலிலேயே இருக்கிறது. வியன்னா மத்திய நிலையத்திலிருந்து யு1 ஏறி ப்ராட்டர்ஷ்டெர்னில் மாறலாம். வெள்ளி, சனி இரவுகளில் யு-பான் விடிய விடிய ஓடும், எனவே திரும்புவதைப் பற்றி பயம் வேண்டாம். மகனுக்குக் காதுக் கவசம் வாங்குங்கள். எந்தப் பை உள்ளே போகலாம் என்பதையும் நிகழ்ச்சி நடத்துபவர்களிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மழைத்துளி
ஸ்ட்ராஸ்பூர்க் வழியில் நான்கு சீட்டும் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை பகல் ரயில்ஜெட்டும் போட்டாயிற்று, வியன்னாவில் நான்கு இரவு. விசாவுக்குத் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி!

வழிப்போக்கன்
நல்லது. ஸ்ட்ராஸ்பூர்க்கில் மாறுவதற்கு எவ்வளவு நேரம் விட்டிருக்கிறீர்கள்? பெட்டி படுக்கையோடு நான்கு பேருக்கு அரை மணி நேரமாவது வேண்டும்.

நீலாம்பல்
நைட்ஜெட்டில் நான்கு படுக்கைகளையும் மொத்தமாக ஒரே பெட்டியாக எடுத்தால் வெளியாள் யாரும் வரமாட்டார்கள். அதையும் யோசித்திருக்கலாம்.