தாய்ப்பலகையை மாற்றினால் விண்டோஸை மீள நிறுவ வேண்டுமா?

வெள்ளவத்தைக் கணக்கர்:
வணக்கம். வீட்டிலிருந்தபடியே சில சிறு வணிகங்களுக்குக் கணக்கு எழுதி வருகிறேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டதாலும், என்னுடைய நான்காம் தலைமுறை ஐ5 கணினி விண்டோஸ் 11ஐ ஏற்காததாலும், பம்பலப்பிட்டியில் பி550 தாய்ப்பலகையும் ரைசன் 5 5600 செயலியும் வாங்கியுள்ளேன். பழைய எஸ்.எஸ்.டி. சேமிப்புத் தட்டை அப்படியே பொருத்தினால் போதும் என்கிறார் கடைக்காரர். பணிசெயல் முறைமையைப் புதிதாக நிறுவியே ஆக வேண்டும் என்கிறார் மைத்துனர். பழைய விண்டோஸ் கணினியுடனேயே வந்தது. அந்த ஒரே எஸ்.எஸ்.டி. சி, டி எனப் பிரிக்கப்பட்டுள்ளது. கணக்குகள் டி பகுதியில் உள்ளன. யார் சொல்வதைக் கேட்பது?

தெகிவளை வாசி:
கடைக்காரர் சொல்வது முழுப் பொய்யன்று. பாகங்களை இயக்க வேண்டிய மென்பொருள்களான டிரைவர்களை விண்டோஸ் 10 பெரும்பாலும் தானே தேடிக்கொள்ளும். ஆயினும் உங்கள் நிலையில் மைத்துனர் சொல்வதே சரி. அந்தக் காலத்துக் கணினிகள் பலவற்றில் தட்டு எம்.பி.ஆர். என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கும், விண்டோஸ் 11 கேட்கும் யூ.ஈ.எஃப்.ஐ. என்ற புதிய தொடக்க முறையில் தாய்ப்பலகையை இயக்கினால், அத்தகைய தட்டிலிருந்து கணினி தொடங்காது. அதை ஜி.பி.டி. என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற்றும் கருவி விண்டோஸிலேயே உண்டு என்றாலும், பத்தாண்டுக் குப்பையையும் கட்டிக்கொண்டு புது வீட்டுக்குக் குடிபோவானேன்?

டி பகுதியை வெளி வன்தட்டொன்றில் பிரதியெடுத்து, கோப்புகள் வேறொரு கணினியில் திறக்கின்றனவா என்று பார்த்த பின்னரே பழைய பிரிவுகளை அழியுங்கள். டி தனித் தட்டு அன்று என்பதால் அதுவும் சேர்ந்தே அழியும். தாய்ப்பலகையின் அடிப்படை அமைப்புத் திரையான பயொஸில், விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான எஃப்.டி.பி.எம். இயக்கத்தில் உள்ளதா என்பதையும் பாருங்கள். நிறுவும்போதே இணையம் கேட்கப்படும் என்பதால், வலையமைப்பு டிரைவரை முன்கூட்டியே பென்டிரைவில் போட்டு வையுங்கள்.

கடைகளில் பெரும்பாலும் சொல்லாத செலவு ஒன்று உண்டு: கணினியுடன் வந்த உரிமம் பழைய தாய்ப்பலகையோடு பிணைக்கப்பட்டது, புதியதற்கு வராது. தனியாக வாங்கிய சில்லறை உரிமமாயின், அதை மைக்ரோசொஃப்ட் கணக்குடன் இணைத்துவிட்டு மாற்றியிருக்கலாம்.

கொட்டாஞ்சேனை அண்ணன்:
எல்லாவற்றுக்கும் முன்னர் ஒன்று: 5600 செயலிக்குள் வரைகலை வசதி இல்லை, 5600ஜி என்பதில்தான் உண்டு. தனி வரைகலை அட்டை இல்லையெனில் திரையில் ஒன்றுமே தெரியாது. பெட்டியைப் பிரிக்கவில்லை என்றால் மாற்றித் தருவார்களா என்று இன்றே கேளுங்கள்.

மட்டக்குளி ஆசிரியை:
கணக்கியல் மென்பொருளின் உரிமமும் கணினிக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கக்கூடும். அவ்வாறாயின் பழைய கணினியைக் கழற்றுவதற்கு முன்னர் அதிலிருந்தே உரிமத்தை விடுவிக்க வேண்டியிருக்கும். அத்துடன், உங்கள் பழைய தமிழ்க் கடிதங்கள் பாமினியில் தட்டச்சிட்டவையாயின், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். எழுத்துருக்கள் இருப்பது சி பகுதியில். டி பகுதியை மட்டும் பிரதியெடுப்பவர்கள் அவற்றை விட்டுவிடுகிறார்கள்.