டர்போ எழுந்ததும் வண்டி சாகிறது, அவசர உதவி தேவை

கராஜ்வாசி: வணக்கம். பழைய டர்போ மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறேன். நின்றபடி சீராக ஓடுகிறது, தெருவில் மெதுவாகவும் ஓடுகிறது. முறுக்கினால், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ வேலை செய்யத் தொடங்கியதும் செத்துப்போகிறது. கார்புரேட்டர் கழுவியாயிற்று, பிளக் புதிது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டவேண்டும். யாராவது விரைவாகச் சொல்லுங்கள்.

நெம்புகோல்: என்ன வண்டி, எந்த ஆண்டு? சாகிறது என்றால் அணைந்தே போகிறதா, விட்டுவிட்டு அடிக்கிறதா? புகை உண்டா?

எர்த்கம்பி: வண்டி எதுவானாலும் முதலில் எர்த் கம்பி. பாட்டரியிலிருந்து எஞ்சினுக்கு வருவதைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டுங்கள். நான் பார்த்த பழைய வண்டிகளில் பாதிக்கு நோயே அதுதான்.

சுழலி: டர்போ முடிந்துவிட்டது. கழற்றி இறக்குங்கள்.

நெம்புகோல்: டர்போ போயிருந்தால் எண்ணெய் எரிந்து நீலப்புகை வரும். அது வருகிறதா என்பதே இன்னும் தெரியவில்லை, அதற்குள் இறக்கச் சொல்கிறீர்களே.

கராஜ்வாசி: மன்னிக்கவும், சொல்ல மறந்துவிட்டேன். யமஹா எக்ஸ்ஜே650 டர்போ, 1982. ஒன்ராறியோவில் ஒரு பண்ணைக் களஞ்சியத்தில் கோழி எச்சத்துக்கு அடியில் கிடந்தது. புகை இல்லை.

மூத்த ஸ்பேனர்: பட்டறைக் கையேட்டைப் படிக்காமல் இந்த வண்டியின் கார்புரேட்டரில் கைவைத்தவர்களை எண்ணுவதையே விட்டுவிட்டேன். தம்பி, டர்போ தள்ளும் காற்று இதில் கார்புரேட்டர் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது. உள்ளே காற்றழுத்தம் ஏற ஏற, பெட்ரோலின் அழுத்தம் அதைவிட ஒரு படி மேலே நிற்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு சொட்டும் உள்ளே இறங்காது. பெட்ரோலைத் தள்ளும் பம்பும் அதன் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் அழகுக்கு வைத்தவை அல்ல. தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுப்பதில் வெட்கமில்லை.

சுழலி: இதற்குத்தான் ஹோண்டா எடுத்திருக்கவேண்டும். சிஎக்ஸ்500 டர்போவில் கார்புரேட்டரே கிடையாது, பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்ஷன். உலகின் முதல் டர்போ பைக்கும் அதுதான்.

மூத்த ஸ்பேனர்: முதலாவது அல்ல. 1978-லேயே கவாசாகி இசட்1-ஆர் டிசி அமெரிக்க விற்பனையகங்களில் கிடைத்தது.

சுழலி: அது வேறொருவரின் டர்போவை மேலே பூட்டி விற்றது. வடைமேல் தயிர் ஊற்றினால் தயிர்வடை ஆகும், புதுவகை வடை ஆகிவிடாது.

எர்த்கம்பி: எதுவுமே நிலைக்கவில்லையே. 1983-இல் அமெரிக்கா இறக்குமதி பைக்குகளுக்கு 45 சதவீதம் கூடுதல் வரி போட்டது, டர்போ ஒழிந்தது.

மூத்த ஸ்பேனர்: வரி 700 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு. இவருடையது 653. பெரிய வண்டிகளுக்குத்தான் அடி, வரி உண்மையில் இதற்குச் சாதகம். டர்போவின் கதையை முடித்தது 1984-இல் வந்த கவாசாகி ஜிபிஇசட்900ஆர் போன்ற வண்டிகள். டர்போவும் அதன் தலைவலியும் இல்லாமலே பறந்தன.

நெம்புகோல்: கேட்டவரை நடுத்தெருவில் விட்டுவிட்டோம். கராஜ்வாசி, ஒன்று மட்டும் கவனித்துச் சொல்லுங்கள். டர்போ எழுந்த கணமே விட்டுவிட்டு அடித்தால் தீப்பொறியில் கோளாறு. அப்படியில்லாமல் இரண்டு மூன்று விநாடி நன்றாக இழுத்து, பிறகு சோர்ந்து, ஆக்சிலேட்டரை மூடிச் சற்று நேரத்தில் தெளிந்தால், கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் இருந்த பெட்ரோலைக் குடித்துத் தீர்த்துவிட்டது என்று பொருள். ரெகுலேட்டருக்கு டர்போவின் அழுத்தத்தைக் கொண்டுபோகும் மெல்லிய குழாய் ஒன்று இருக்கும். அது விட்டுப்போனால் ரெகுலேட்டருக்குச் சேதி போகாது. பம்பு தள்ளும் பெட்ரோலைத் தொட்டிக்கே திருப்பிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கும்வரை முறுக்காதீர்கள். டர்போ அழுத்தத்தில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் ஓட்டையாகும்.

கராஜ்வாசி: மூன்று விநாடி இழுக்கிறது, பிறகுதான் சாகிறது. மூடினால் தெளிகிறது. அந்தக் குழாய் முறுக்குப்போல் ஒடிந்தது, அதனால் மீன்தொட்டிக் குழாயை வெட்டிப் போட்டிருக்கிறேன். சரியாகப் பொருந்தியது என்பதால் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

மூத்த ஸ்பேனர்: மீன்தொட்டி.

நெம்புகோல்: கிளாம்ப் போட்டீர்களா?

சுழலி: நான்கு நாளாயிற்று, ஆளைக் காணோம். டர்போவை இறக்குகிறார் போலிருக்கிறது.

கராஜ்வாசி: கிளாம்ப் போடவில்லை. எஞ்சின் சூட்டில் குழாயின் வாய் புனல்போல் விரிந்திருந்தது, விரலால் தொட்டதும் கழன்று வந்தது. பெட்ரோலுக்குரிய ரப்பர் குழாய் வாங்கி, இரண்டு பக்கமும் கிளாம்ப் இறுக்கினேன். இப்போது எஞ்சின் நிமிடத்துக்கு 8000 சுற்று வரை தடையில்லாமல் போகிறது. ஞாயிற்றுக்கிழமை மழை. நன்றி.

எர்த்கம்பி: நல்லது. எதற்கும் அந்த எர்த் கம்பியையும் ஒருமுறை தேய்த்து வையுங்கள்.