72 செவி சி10-க்கு ஒரிஜினல் டாக்கோமீட்டர் எங்க தேடறது?

ஹூஸ்டன்ல இருக்கேன், போன வருஷம் ஒரு 1972 செவர்லே சி10 பிக்கப் வாங்கினேன், தரையெல்லாம் துரு ஆனா இன்ஜின் நல்லா ஓடுது. கம்பெனிலயே அப்ப ஆப்ஷனா போட்டு வந்த டாக்கோமீட்டர் (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தன சுத்து சுத்துதுன்னு காட்டற மீட்டர்), டில்ட் ஸ்டியரிங் (மேல கீழ சாய்ச்சுக்கற ஸ்டியரிங்) ரெண்டும் வேணும், புதுசா அச்சு அடிச்ச ரீப்ரோ வேண்டாம். யாராவது தேடிப் பிடிச்சிருக்கீங்களா?

பதில் 1:
முதல்ல க்ளவ் பாக்ஸ் மூடிய திறந்து உள்பக்கம் பாருங்க, ஒரு பேப்பர் ஸ்டிக்கர் இருக்கும், ஃபேக்டரில என்னென்ன ஆப்ஷன் போட்டாங்கன்னு அதுல கோட் கோடா அடிச்சிருப்பான். யு16-ன்னா டாக்கோமீட்டர், என்33-ன்னா டில்ட், சி60-ன்னா ஏசி. என் வண்டில பாதி எலி தின்னுடுச்சு, மிச்சத்த டார்ச் அடிச்சு படிச்சேன் 😅

பதில் 2:
டாக் மட்டும் தனியா வாங்கிடாதீங்க சார், நான் அப்படித்தான் ஏமாந்தேன். டாக் வர்ற கிளஸ்டருக்கு (டேஷ்போர்டுல மீட்டரெல்லாம் சேர்ந்து இருக்கற பேனல்) பின்னாடி ஒட்டியிருக்கற சர்க்யூட் ஷீட்டே வேற, உங்களுது மீட்டருக்கு பதிலா வெறும் வார்னிங் லைட் வச்ச வண்டின்னா வயரிங்கும் மாத்தணும், அதனால பழைய வண்டி உடைக்கற யார்டுக்குப் போனா கிளஸ்டர் முழுசா, வயரோட கழட்டிட்டு வாங்க. 67ல இருந்து 72 வரைக்கும் ஒரே பாடி தலைமுறை, அதனால தேடறப்ப 72-ன்னு மட்டும் அடிக்காதீங்க, அதே கம்பெனியோட இன்னொரு பிராண்டான ஜிஎம்சி வண்டியையும் பாருங்க.

கேட்டவர்:
ஸ்டிக்கர் இருக்கு!! சி60 மட்டும் இருக்கு, யு16 இல்ல. ஆனா வண்டில ஏசியே காணோம், எவனோ கழட்டி வித்துட்டான்...

பதில் 2:
அப்ப டாக்க விடுங்க, ஏசிய முதல்ல தேடுங்க. ஹூஸ்டன் வெயிலுக்கு அதான் வேணும்.