சி. பி. ஃப்ரை: திறமை எவ்வளவு, காலத்தின் தயவு எவ்வளவு?

(பல விளையாட்டுகளில் ஆடிய இங்கிலாந்து வீரர் ஃப்ரையைப் பற்றிப் புனைபெயரில் ஐந்து பேர் நடத்தும் விவாதம். ஒவ்வொரு பேச்சுக்கும் மேலே இருப்பது பேசுபவரின் புனைபெயர்.)

ஹோவ் மைதானம்:
"அந்தக் கால இங்கிலாந்து அமெச்சூர்கள் (சம்பளம் வாங்காமல் ஆடியவர்கள்) எல்லாம் போட்டிக்கு ஆளில்லாத மைதானத்தில் ஜெயித்தவர்கள்" என்று அடிக்கடி சொல்கிறார்கள். சார்ல்ஸ் பர்கஸ் ஃப்ரையை (1872–1956) வைத்து இதைச் சோதித்துப் பார்ப்போமே. ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும்போது, 1893-இல், நீளம் தாண்டுதலில் 23 அடி 6½ அங்குலம், அதாவது சுமார் 7.17 மீட்டர். அன்றைய உலகச் சாதனைக்குச் சமம். 1901 மார்ச்சில் அயர்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து கால்பந்து அணியில் ஃபுல்-பேக் (பின்கள தடுப்பாட்டக்காரர்). அதே வருடம் கோடையில் முதல்தர கிரிக்கெட்டில் 3,147 ரன், 13 சதம்; அதில் ஆறு சதம் அடுத்தடுத்த ஆறு இன்னிங்ஸில். 1902 ஏப்ரலில் சவுத்தாம்ப்டன் அணிக்காக எஃப்.ஏ. கோப்பை கால்பந்து இறுதியாட்டம். 1912-இல் இங்கிலாந்து கிரிக்கெட் அணிக்கு ஆறு டெஸ்ட்டில் கேப்டன்: நாலு வெற்றி, இரண்டு டிரா. இதில் எதைக் கழிக்கப் போகிறீர்கள்?

மணல் குழி:
நீளம் தாண்டுதலை முதலில் கழிக்கலாம் சார். 1901-இல் அயர்லாந்தின் பீட்டர் ஓ'கானர் 7.61 தாண்டினார். எட்டு வருடத்தில் 44 சென்டிமீட்டர்! நிறையப் பேர் மும்முரமாகப் போட்டியிடும் விளையாட்டில் சாதனை இப்படித் துள்ளாது; ஒன்றிரண்டு சென்டிமீட்டராகத்தான் நகரும். ஓ'கானரின் தூரம் அப்புறம் இருபது வருடம் நின்றது. ஃப்ரை தொட்டது அந்த உயரத்தை அல்ல. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 6.35 மீட்டருக்குத் தங்கம் கொடுத்தார்கள் என்பதைக் காட்டி "ஃப்ரை போயிருந்தால்..." என்று ஆரம்பிக்காதீர்கள். அது ஏதென்ஸுக்கு வந்தவர்களின் தரத்தைத்தான் காட்டுகிறது.

இன்னொன்று. இந்தத் தாண்டலில் பெரும்பங்கு ஓட்ட வேகம்தான். தாண்டும் பலகைக்கு நாலைந்து காலடி முன்னால் பயந்து காலடியைக் குறுக்கினால் வேகம் செத்துவிடும். குறுக்காமல் வந்தால் கால் பலகையைத் தாண்டி விழுந்து ஃபவுல். ஓடும் தூரத்தை அளந்து, தொடங்கும் இடத்தில் அடையாளம் வைத்து, காலடி மாறாமல் வரப் பழகிவிட்டால், நல்ல ஓட்டக்காரன் யாரும் நல்ல தூரம் தாண்டுவான். ஃபுல்-பேக்காக அவரைக் காப்பாற்றியதும் அதே வேகம்தான். ஒரு சொத்தை இரண்டு வங்கியில் காட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

வலது பேக்:
கால்பந்தை அவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். 1925 வரை ஆஃப்சைடு விதியில் முன்கள வீரருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். அதனால் இரண்டு ஃபுல்-பேக்கில் ஒருவர் முன்னே ஏறி நின்றாலே எதிரணி மாட்டிக்கொள்ளும். ஆனால் ஏறுவது அரை நொடி பிந்தினால் பந்து தலைக்கு மேல் போய்விடும். பின்னால் மிச்சம் ஒரு ஃபுல்-பேக்கும் கோல்கீப்பரும் மட்டும். திரும்பி ஓடிப் பிடிக்கும் வேகம் அங்கே ஆடம்பரம் இல்லை. எப்போது ஏறுவது என்ற கணிப்பு இல்லாமல் வேகம் மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

குறையும் இருந்தது, மறைக்க வேண்டாம். தலையால் ஆடுவதில் சுமார். உடல் மோதலிலும் வலு போதாது. தோளால் இடிப்பது விதிப்படி சரியாக இருந்த காலம். நாடா கட்டிய தோல் பந்து மழையில் ஊறினால் கல்லாய்க் கனக்கும். அப்படியிருந்தும் சம்பள வீரர்கள் நிறைந்த சவுத்தாம்ப்டனில் இடம் பிடித்தார். அந்த 1902 இறுதி ஷெஃபீல்டு யுனைடெட்டோடு 1-1. மறு ஆட்டத்தில் 1-2 தோல்வி.

கூட்டல் கணக்கு:
இங்கிலாந்துக்கு ஆடியது ஒரே ஒரு ஆட்டம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிரிக்கெட்டுக்கு வருகிறேன். முதல்தரத்தில் 30,886 ரன், சராசரி 50.22. டெஸ்ட்டில் 26 ஆட்டம், 1,223 ரன், சராசரி 32.18. 18 ரன் சறுக்கல். ஃப்ரையின் சஸெக்ஸ் கவுண்டி (மாவட்ட) அணியில் அவரோடு ஆடிய ரஞ்சித்சிங்ஜிக்கு 56.37-இலிருந்து 44.95. 1902-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஃப்ரை எடுத்தது 0, 0, 1, 4. நாலு இன்னிங்ஸில் ஐந்து ரன், அணியை விட்டு நீக்கம். சஸெக்ஸின் சொந்த மைதானமான ஹோவ் ஆடுகளத்தில் கவுண்டி பந்துவீச்சை அடித்த ராஜா என்று சொன்னால் தப்பா?

ஹோவ் மைதானம்:
தப்புதான். அந்த ஆறு சதத்தை எதிரணி வாரியாகப் பிரித்துப் பாருங்கள்: ஹாம்ப்ஷயர் 106, யார்க்ஷயர் 209, மிடில்ஸெக்ஸ் 149, சர்ரே 105, கென்ட் 140, மறுபடி யார்க்ஷயர் 105. எல்லாமே ஹோவில் அல்ல: சர்ரே ஆட்டம் லண்டன் ஓவலில். கடைசிச் சதம் லார்ட்ஸில், யார்க்ஷயர் தவிர்த்த இங்கிலாந்தின் மற்ற வீரர்கள் அணிக்காக. யார்க்ஷயர் அந்த வருடச் சாம்பியன். அதன் பந்துவீச்சாளர் வில்ஃப்ரெட் ரோட்ஸ் அந்த சீசனில் 251 விக்கெட் எடுத்தவர். ஆடுகளத்தை மூடி வைக்காத காலம். மழை பெய்து வெயில் அடித்தால் மறுநாள் காலை பந்து திரும்பி எகிறும். அடுத்தடுத்து ஆறு முறை அப்படி ஒரு காலையில் மாட்டாமல் இருந்தது கொஞ்சம் அதிர்ஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்தடுத்து ஆறு சதம் என்பதை முதல்தர கிரிக்கெட்டில் பிராட்மனும் (1938–39) மைக் புராக்டரும் (1970–71) சமன் செய்தார்களே தவிர யாரும் தாண்டவில்லை.

அவர் ஆட்டத்தில் அலங்காரம் குறைவு. பின்காலில் ஊன்றித் தடுப்பது, நேர் டிரைவ், கால் பக்கம் தள்ளுவது. குறைந்த ஷாட், குறைந்த ஆபத்து. ரஞ்சி எதிர்முனையில் வேடிக்கை காட்டுவார். இவர் நாள் முழுக்க நிற்பார். டெஸ்ட்டில் இந்த முறை சில சமயம் மாட்டிக்கொண்டது உண்மைதான். 1905-இல் ஓவலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 144 எடுத்ததும் இதே முறைதான்.

வலது பேக்:
1902 சரிவுக்குக் கால்பந்துக் களைப்புதான் காரணம் என்று யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: முந்தின குளிர்காலமும் கால்பந்து ஆடிவிட்டுத்தான் அந்த 3,147.

மான்செஸ்டர் மாமா:
ஃப்ரையை விடுங்கள். இன்னொரு பல விளையாட்டு வீரர் மேக்ஸ் வூஸ்னம் (1892–1965) பெயரே வரவில்லையே? 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக் டென்னிஸில் இரட்டையர் தங்கம், கலப்பு இரட்டையர் வெள்ளி. 1921 விம்பிள்டன் இரட்டையர் பட்டம். மான்செஸ்டர் சிட்டி கால்பந்து அணியில் சென்டர்-ஹாஃப் (நடுக்கள மைய வீரர்). 1920–21 லீகில் சிட்டி இரண்டாமிடம். 1922-இல் வேல்ஸுக்கு எதிராக இங்கிலாந்து கேப்டன். அன்றைய 2-3-5 அமைப்பில் (பின்களத்தில் இருவர், நடுவில் மூவர், முன்களத்தில் ஐவர்) சென்டர்-ஹாஃப் தான் அணியின் அச்சு: தடுக்கவும் இறங்க வேண்டும், முன்கள ஐவருக்கும் பந்து ஊட்டவும் ஏற வேண்டும். ஃபுல்-பேக்கைவிட இரண்டு மடங்கு வேலை. போதாததற்கு ஸ்னூக்கரில் முழு ஸ்கோரான 147, சார்லி சாப்ளினை வெண்ணெய்க் கத்தியால் டேபிள் டென்னிஸில் தோற்கடித்தது...

கூட்டல் கணக்கு:
ஸ்கோர் புத்தகத்தில் இல்லாததை இங்கே சேர்க்காதீர்கள் மாமா. பிறகு ஃப்ரை கட்சியும், அல்பேனியாவின் அரசராக அவரை அழைத்தார்களாம் என்ற சிம்மாசனக் கதையை எடுத்து வரும்.

1921 விம்பிள்டனில் இன்னும் 'சேலஞ்ச் ரவுண்டு' முறை. முந்தின வருட சாம்பியன் கடைசி ஆட்டம் மட்டும் ஆடினால் போதும். அந்த வருடம் சாம்பியன்களான அமெரிக்க ஜோடி பட்டத்தைக் காக்க வரவில்லை. ரேண்டால்ஃப் லைசெட்டும் வூஸ்னமும் லோ சகோதரர்களை 6-3, 6-0, 7-5 என்று வென்றார்கள், அதுவே பட்டம். ஆன்ட்வெர்ப் டென்னிஸிலும் அமெரிக்கர் இல்லை. கால்பந்தில் அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சிட்டியின் ஹைட் ரோடு மைதானத்தின் மரவேலியில் மோதிக் கால் முறியாமல் இருந்திருந்தால் இங்கிலாந்துக்கு இன்னும் சில ஆட்டங்கள் ஆடியிருப்பார்.

மணல் குழி:
எல்லாரும் ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டீர்கள்: நாட்காட்டி. 1902 இறுதியாட்டம் ஏப்ரல் 19, மறு ஆட்டம் 26. அதோடு கால்பந்து முடிந்தது. மே மாதம் கிரிக்கெட். தடகளம் மார்ச்சில். ஒன்றோடொன்று மோதவில்லை. இன்று கோப்பை இறுதி மே மாதம், புது லீக் ஆகஸ்டில். அன்று இருந்த இடைவெளியில் சம்பள வீரரும் இரண்டும் ஆடினார்: டெனிஸ் காம்ப்டன் 1947-இல் 3,816 ரன், 18 சதம், 1950-இல் ஆர்சனலுக்கு எஃப்.ஏ. கோப்பை. அமெச்சூர் என்பதால் வந்த மாயம் எதுவும் இல்லை.

ஹோவ் மைதானம்:
அமெச்சூர் என்பதால் வந்த இழப்பு உண்டே. ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணம் என்றால் கப்பல் பயணத்தோடு ஏறக்குறைய ஆறு மாதம். அமெச்சூருக்குச் செலவுப்பணம் உண்டு, சம்பளம் கிடையாது. ஃப்ரை பத்திரிகையில் எழுதிப் பிழைத்தவர். 1908 முதல் ஹாம்பிள் ஆற்றில் மெர்க்குரி பயிற்சிக் கப்பலை நடத்தியவர். ஒருமுறைகூட ஆஸ்திரேலியாவில் ஆடவில்லை. டெஸ்ட் சராசரியைப் பேசும்போது இதையும் எண்ணுங்கள்.

மான்செஸ்டர் மாமா:
சரி, ஆண்களிலேயே ஏன் தேடுகிறோம்? இங்கிலாந்தின் லாட்டி டாட். 1887-இல் 15 வயதில் விம்பிள்டன் ஒற்றையர் பட்டம், மொத்தம் ஐந்து முறை. இங்கிலாந்துக்கு ஹாக்கி. 1904-இல் பிரிட்டிஷ் பெண்கள் கோல்ஃப் பட்டம். 1908 ஒலிம்பிக் வில்வித்தையில் வெள்ளி. கூட்டல் கணக்கு சார் இதிலும் ஓட்டை கண்டுபிடிப்பார் பாருங்கள்.

கூட்டல் கணக்கு:
1888 பட்டத்துக்கு ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடினார், சேலஞ்ச் ரவுண்டு புண்ணியம். ஆனால் கோல்ஃபில் அந்தச் சலுகை கிடையாது. ட்ரூனில் முதல் சுற்றிலிருந்து ஆடி வந்து, இறுதியில் ஏற்கெனவே சாம்பியனாக இருந்த மே ஹெஸ்லட்டை ஒரு குழி வித்தியாசத்தில் வென்றார். அதில் என்னிடம் ஓட்டை இல்லை.