ஒரு கிளட்சுக்காக இருமுறை இறங்கிய கியர் பாக்ஸ்

18 ஆண்டுகள் ஓடிய என் காரில், இன்ஜினின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குக் கடத்தவும் துண்டிக்கவும் உதவும் கிளட்ச் தேய்ந்துவிட்டதை முதலில் எனக்கு உணர்த்தியது ஒரு மேட்டுச் சாலைதான். நான்காம் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜினின் இரைச்சல் மட்டும் ஏறியதே தவிர, வண்டியின் வேகம் கூடவில்லை; சற்று நேரத்தில் கருகல் வாடையும் எழுந்தது.

கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்தபோது, கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பட்டை ரிவெட் தலைகள் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. செலவைக் குறைக்க எண்ணி, பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும் என்று சொன்னவன் நான்தான். சில மாதங்களிலேயே, முதல் கியரில் கிளட்சை விடும்போதெல்லாம் வண்டி உதறத் தொடங்கியது. மறுபடியும் கழற்றியதில், இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க் ஷாப்ட்டின் பின்பக்கத்தில் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ஆயில் சீல் கசிந்து, புதிய பிளேட்டின் ஓரம் முழுவதும் எண்ணெய் ஏறிக் கறுத்துப் பளபளத்தது. எண்ணெய் ஊறிய பட்டையை எவ்வளவு துடைத்தாலும் பழைய பிடிப்பு திரும்பாது என்பதால், அதையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. அந்தச் சீல் மலிவான சிறு பொருள். ஆனால் கியர் பாக்ஸையும், கிளட்ச் பொருந்தியிருக்கும் இன்ஜின் சக்கரமான பிளைவீலையும் கழற்றாமல் அதைத் தொடவே முடியாது.

இரண்டாம் முறை பிளேட், அதைப் பிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், ஆயில் சீல் அனைத்தையும் ஒருசேர மாற்றினோம். பிளைவீலில் சூட்டினால் நீலத் திட்டுகள் படிந்திருந்ததால், அதன் முகத்தை லேத்தில் கொடுத்துச் சீராக்கினோம். கியர் பாக்ஸ் ஷாப்ட்டின் பற்களுக்குக் கிரீஸை மெல்லிய பூச்சாகவே தடவ வேண்டும். மிகுந்தால் சுழற்சியில் அது தெறித்துப் பிளேட்டையே கெடுத்துவிடும்.

கேபிளால் இயங்கும் கிளட்ச் வைத்திருப்பவர்கள் பெடலின் விளையாட்டு இடைவெளியை, அதாவது எதிர்ப்புத் தொடங்கும் வரை பெடல் தளர்வாக நகரும் தூரத்தை, அவசியம் கவனிக்க வேண்டும். பிளேட் தேயத் தேய அந்த இடைவெளி குறையும். அது முற்றிலும் இல்லாமற்போனால், ரிலீஸ் பேரிங் எந்நேரமும் அழுந்தியபடியே சுழன்று விரைவில் பழுதாகும், பிளேட்டும் முழுப் பிடிப்பின்றி நழுவும். பெடலின் மேல் காலை வைத்தபடியே ஓட்டுவதும் இதே தீங்கைத்தான் செய்கிறது. மேட்டில் நிற்கும்போது அரைக் கிளட்சில், அதாவது பெடலைப் பாதி அழுத்தியபடி, வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கத்தை விட்டு, இப்போது கை பிரேக்கையே பயன்படுத்துகிறேன். மாதம் ஒருமுறை பெடலைக் கையால் மெல்ல அழுத்தி, எதிர்ப்புத் தொடங்கும் இடம் வரை ஸ்கேலால் அளந்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டுக் கொள்கிறேன்.